தரைமட்டமான பின் எழுதப்படும் கட்டடங்கள்: நகரவடிவமைப்புக் கல்வியும் சிவகாசி வட்டாரமும்

தமிழகத்தில் கட்டடம் பற்றிய உயர்கல்வி 1957ஆம் ஆண்டில் இருவேறு வாயில்களைத் திறந்துகொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டு தொடங்கப்பெற்ற கட்டடக்கலைத் துறை, 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் தோன்றியபின் அதன் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியாக நிலைபெற்றது. அதே ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசு நிறுவிய பயிற்சி நிலையம், கணபதி ஸ்தபதி முதலானோர் தலைமையில் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. முன்னது ஆங்கிலத்தில் பேசிற்று. பின்னது மயமதம், மானசாரம் வழிவந்த சிற்பநூற் சொற்களில் பேசிற்று. 1981இல் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் கட்டடக்கலைக்கெனத் தனித்துறை கண்டபோது மூன்றாம் வாயிலொன்றும் திறந்தது. கோயில், அரண்மனை, அக்கிரகாரம், செட்டிநாட்டு வீடு ஆகியன பற்றி இம்மரபுகள் ஈட்டித் தந்த அறிவு சிறிதன்று. ஆயினும் விருதுநகர் மாவட்டத்துக் கரிசற் காட்டில் ஆயிரக்கணக்கில் நிற்கும் ஒருவகைக் கட்டடம் இவ்வாயில்கள் அனைத்துக்கும் வெளியிலேயே நிற்கிறது. பட்டாசு ஆலையின் அறைதான் அது.

இப்புறக்கணிப்புக்குக் காரணம் பகைமையோ அலட்சியமோ அன்று. துறையின் அன்றாட வாழ்க்கைமுறை என்றே கூறவேண்டும். நகரவடிவமைப்பும் கட்டடக்கலை வரலாறும் பயிற்றுவிக்கும் துறை, வகுப்பறையைக் காட்டிலும் ஸ்டுடியோ என வழங்கும் வரைகூடத்தில்தான் வாழ்கிறது. ஐந்தாண்டுப் படிப்பின் இரவுகள் அங்கேயே கழிகின்றன. வரைந்த தாள்களைச் சுவரில் ஒட்டிவைத்து, ஆசிரியரும் வெளியிலிருந்து வந்த வல்லுநரும் சுற்றி நின்று வினவ, மாணவர் விடையிறுக்கும் ஜூரி என்னும் சடங்கு தமிழ்த் துறைகளின் வாய்மொழித் தேர்வைவிடக் கடுமையானது. பயன் மிக்கதும் ஆகும். கேட்கப்படும் கேள்வி ஒவ்வொன்றும் கண்முன் தொங்கும் ஒரு கோட்டைச் சுட்டியே எழவேண்டியிருப்பதால், அங்கே பொதுப்படப் பேசித் தப்புதல் எளிதன்று.

இவ்வாழ்க்கையின் மிகச்சிறந்த பழக்கம் அளந்து வரைதல். மாணவர் குழுவாக ஓர் ஊருக்குச் சென்று, நாடாவும் ஏணியும் கொண்டு ஒரு கட்டடத்தின் தூண், படி, சாளரம், தளம் அனைத்தையும் விரற்கடை பிசகாமல் அளந்து தாளில் இறக்குகின்றனர். நாளை அக்கட்டடம் இடிந்தாலும் வரைபடம் எஞ்சும். விருதுநகர் மாவட்டத்தில் இப்பழக்கத்துக்கு ஏற்ற இடமாகத் துறைகள் கருதுவது பெரும்பாலும் திருவில்லிபுத்தூரையே. தமிழ்நாட்டரசின் சின்னத்தில் இடம்பெற்றதாகப் பொதுவாகக் கூறப்படும் கோபுரம் அங்கு நிற்கையில் அதில் வியப்பில்லை. அங்கிருந்து மல்லி வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் சிவகாசி. கல்விச் சுற்றுலாப் பேருந்து அங்கே நிற்பதுண்டு, பட்டாசு வாங்குவதற்காக.

பட்டாசு அறை ஒரு கட்டடமா என்னும் ஐயம் இயல்பாகவே எழும். நிகோலஸ் பெவ்ஸ்னர் ஐரோப்பியக் கட்டடக்கலை பற்றி 1940களின் தொடக்கத்தில் எழுதிய நூலில், மிதிவண்டிக் கொட்டகை வெறுங்கட்டடம் எனவும் லிங்கன் பேராலயமே கட்டடக்கலை எனவும் கோடு கிழித்தார். பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி 1964இல் நியூயார்க் நவீனக்கலை அருங்காட்சியகத்தில் நடத்திய கட்டடக் கலைஞரில்லாக் கட்டடக்கலை பற்றிய கண்காட்சி அக்கோட்டை அழிக்க முயன்றது. அம்முயற்சியின் பயனாகவே திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் இந்தியத் துறைகளின் பாடத்துள் வந்தன. ஆனால் கொட்டகைக்கு மட்டும் விடிவு வரவில்லை. பழமையும் அழகும் உடைய எளிய வீடு பாடமாயிற்று. பழமையும் அழகும் இல்லாத எளிய வேலையிடம் இன்னும் ஆகவில்லை. பெவ்ஸ்னரின் கோடு சற்றுத் தள்ளிப் போடப்பட்டதேயன்றி அழியவில்லை என்பதே உண்மை.

உண்மையில் பட்டாசு அறையைப் போல வடிவமைப்புச் சிந்தனை செறிந்த கட்டடம் அவ்வட்டாரத்தில் வேறில்லை. ஏனைய கட்டடங்கள் நிற்பதற்காகக் கட்டப்படுகின்றன. இது, ஒருநாள் வெடிக்கலாம் என்னும் எண்ணத்தோடு கட்டப்படுகிறது. கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். ஓடுவதற்கு வழி மறைபடலாகாது. ஓரறைக்கும் அடுத்த அறைக்கும் இடையில் குறித்த தொலைவு வேண்டும். மருந்து கலக்கும் அறையும் அடைக்கும் அறையும் சேமிக்கும் அறையும் ஒன்றாகா. உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பன வரையறுக்கப்பட்டவை. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் 2008இல் வந்த விதிகளும் இவற்றை வகுக்கின்றன. சுவரும் கூரையும் இங்குப் பாதிக் கட்டடமே. மறுபாதி, அறைகளுக்கு இடையே கிடக்கும் வெற்றுக் கரிசல். வெளியையே கட்டுமானப் பொருளாகக் கொள்வது குறித்து நகரவடிவமைப்பு வகுப்பில் பல மணிநேரம் பேசப்படும். அதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வேற்று நாட்டில் இத்தகைய கட்டடங்கள் வரலாறாக மதிக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டுபாண்ட் குடும்பத்தார் 1802இல் தொடங்கிய வெடிமருந்து ஆலை, இன்று ஹேக்லி அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. அங்குள்ள மருந்து அரைக்கும் கட்டடங்கள் மூன்று பக்கம் தடித்த கற்சுவரும் ஆற்றை நோக்கிய நான்காம் பக்கம் மெல்லிய மரச்சுவரும் உடையவை. வெடித்தால் அதன் விசை ஆற்றின் மேற் செல்லும். ஆலையின் பிற பகுதிகள் தப்பும். அச்சுவர்களின் தடிப்பை அளந்து வரைந்து விளக்கும்போது, கட்டட வரலாற்றோடு அங்கே உழைத்து மாண்டோரின் வரலாறும் சேர்ந்தே சொல்லப்படுகிறது.

சிவகாசி வட்டாரத்துக் கட்டடம் தமிழில் எழுதப்படும் தருணம் ஒன்றே ஒன்றுதான். விபத்துக்கு மறுநாள் நாளிதழ்ச் செய்தியில் அது வருகிறது: இத்தனை அறைகள் தரைமட்டமாயின. மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணம் என்பது அடுத்த தொடர். போர்மேன் கைது என்பது அதற்கடுத்தது. பல பத்தாண்டுகளாக இச்சொற்கள் மாறாமல் வருகின்றன. உராய்வுக்கும் தரைமட்டத்துக்கும் இடையில் ஒரு கட்டடம் நின்றிருந்தது. அதன் நீளம், கதவின் திசை, அடுத்த அறையின் தொலைவு ஆகியவற்றைச் சொல்ல அச்செய்திக்குச் சொல் இல்லை. கட்டடம் இல்லாமற் போனதைச் சொல்லும் சொல் மட்டுமே மொழியில் நிலைத்திருக்கிறது.

இவ்விடத்தில் குறை கட்டடக்கலைத் துறையினுடையது மட்டுமன்று. தமிழ்த் துறைக்கும் அதிற் பங்குண்டு. நகரம் என்றவுடன் தமிழாய்வு மதுரைக்காஞ்சிக்கும் பட்டினப்பாலைக்கும் செல்கிறது. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையில் நாளங்காடி அமைந்த சோலையைச் சிலப்பதிகாரங்கொண்டு மீட்டமைக்கிறது. நெடுநல்வாடையில் நண்பகல் நிழலைக் கொண்டு திசையறிந்து நூலிட்டு மனை வகுத்த செய்தியைத் தொழில்நுட்பமாகப் போற்றுகிறது. போற்றத்தக்கதே. ஆனால் நிழலளந்து மனை வகுத்தவர் மீது காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கேனும், தொலைவளந்து அறை வகுக்கும் இன்றைய தொழில்மீது காட்டப்பட்டதா? கட்டடம், கட்டிடம் ஆகிய இரண்டனுள் எது சரி என்னும் வழக்குக்குத் தமிழறிஞர் செலவிட்ட தாளைக்கொண்டு ஓர் ஊரையே அளந்து வரைந்திருக்கலாம்.

சொல்லாய்வுக்குரிய செல்வம் அங்கே கொட்டிக் கிடக்கிறது. வேதிக்கலவைக்கு அவ்வட்டாரத்தார் வழங்கும் பெயர் மருந்து. நோய்க்குத் தருவதும் அதுவே, வெடிக்கு இடுவதும் அதுவே. வெடிமருந்து என்னும் தொகையின் முன்பகுதி தேய்ந்து பின்பகுதி நிற்பதாக இலக்கணம் அமைதி கூறும். நாள்தோறும் அதனைக் கையாள்வோர் வாயில் முன்பகுதி ஏன் முதலில் தேய்ந்தது என்பது சொற்பொருளியலார் ஆராயவேண்டிய வினா. ஆலைகளுக்கு வழங்கும் பெயர்முறை இன்னும் சுவையானது. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று ஆலைகள் வகைப்படுத்தப்படுகின்றன. நடுவண் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமையகம் நாக்பூரில் உள்ளது, சென்னையில் அதன் அலுவலகம், டி.ஆர்.ஓ. என்பார் மாவட்ட வருவாய் அலுவலர். கரிசலில் நிற்கும் ஒரு கொட்டகை, அதற்கு ஒப்பமிட்ட தொலைதூர மேசையின் பெயரால் அறியப்படுகிறது. ஊர்ப்பெயராய்வு, இடப்பெயராய்வு என்று எத்தனையோ ஏடுகள் நிறைந்த துறையில் இப்பெயர்முறைக்கு ஓர் இயலாவது உரியது.

கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட வழக்குச் சொல்லகராதி, கரிசல் வட்டாரத்தின் உழவும் உணவும் உறவும் பேசும் சொற்களை அழியாமற் காத்தது. அம்முயற்சி ஒரு பல்கலைக்கழகத் துறையிலிருந்து புறப்பட்டதன்று என்பது நினைக்கத்தக்கது. அதே கரிசலில் கலப்பையை விட்டுத் தீக்குச்சிக்கும் திரிக்கும் போன தலைமுறைகளின் சொற்களுக்கு அத்தகைய தொகுப்பு வேண்டும். படைப்பிலக்கியம் இங்கே ஆய்வுக்கு முன்னே நடந்துவிட்டது. பூமணி தாமே இயக்கிய கருவேலம்பூக்கள் திரைப்படத்தில் தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் சிறார் வாழ்வைக் காட்டினார். அவருடைய அஞ்ஞாடி 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம் வரை நீள்கிறது.

நகரங்களின் செய்தியும் இதனினின்று வேறன்று. விருதுபட்டி என்னும் பெயர் 1923இல் விருதுநகர் ஆயிற்று. பட்டி நகரானது ஒரு விகுதி மாற்றமாகத் தோன்றலாம். ஊரார் தம் ஊரை எவ்வாறு காண விரும்பினர் என்பதன் அறிவிப்பு அது. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதனைத் தொடங்கியதும் அந்த 1923ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் நாடார் வணிகர் அமைத்த பேட்டைகள் இருந்தன. வண்டியும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்கும் மதில்சூழ் வளாகங்கள் அவை. பேட்டையின் வணிகத்தில் திரண்ட மகமை, உறவின்முறையின் பொதுநிதியாகி, கோயிலாகவும் கிணறாகவும் பள்ளியாகவும் உருக்கொண்டது. 1889இல் தோன்றியதும் காமராசர் பயின்றதுமான சத்திரிய வித்தியாசாலை அவ்வழி வந்தது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றைச் சமூக அறிவியல் நோக்கில் விரிவாக எழுதியது. அந்நூலில் பேட்டை ஒரு நிறுவனம். அது ஓர் இடமும் ஆகும். எத்தெருவில் வாயில் இருந்தது, கிணறு எவ்விடம், கிட்டங்கி எத்திசை நோக்கியது என்பன வரைபடத்தால் மட்டுமே விடைபெறும் வினாக்கள். கோயில் நுழைவும் தெருவில் நடக்கும் உரிமையும் முன்னிட்டு மூண்ட பூசல்களை, அத்தெருக்களின் வரைபடமில்லாமல் எழுதுவது பாதி வரலாறே.

விருதுநகரின் தேசபந்து மைதானத்தையும் இங்குக் கருதலாம். சங்கரலிங்கனார் தமிழ்நாடு என்னும் பெயர் முதலான கோரிக்கைகளை முன்வைத்து 1956இல் உண்ணாநோன்பிருந்தது அவ்வூரில். நோன்பின் பெரும்பகுதி கழிந்தது இம்மைதானத்தில். அவ்வாண்டு அக்டோபர் 13இல் அவர் உயிர்நீத்தார். ஒரு சொல்லுக்காக ஒருவர் உயிர் துறந்த திடல் அது. பொதுவெளி என்னும் கருத்தாக்கத்தை நகரவடிவமைப்பு மாணவர் இத்தாலிய நகரச் சதுக்கங்களின் படங்களைக் கொண்டு கற்கின்றனர். கற்கட்டும், தேசபந்து மைதானத்தையும் சுற்றி நின்று அளந்துவிட்டுக் கற்கலாம்.

ஆவணப்படுத்தும் ஆற்றல் இவ்வட்டாரத்துக்கு வரவில்லை என்றும் கூறவியலாது. பட்டாசு ஆலைகள் செறிந்த வெம்பக்கோட்டையில் வைப்பாற்றின் கரையிலுள்ள விசயகரிசல்குளம் மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 முதல் அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் உருவம் என ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. அவை ஒவ்வொன்றும் கிடைத்த குழி, ஆழம், மண்ணடுக்கு ஆகியன குறித்துப் பதியப்படுகின்றன. உடைந்த சங்கு வளையல் எவ்வடுக்கில் கிடந்தது என்பது நாளைய ஆய்வாளர்க்குத் தெரியும். அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இன்று மருந்து அடைக்கும் பெண் எவ்வறையில், கதவிலிருந்து எத்தனை அடி உள்ளே அமர்ந்திருக்கிறார் என்பது அத்தகைய பதிவேடு எதிலும் இல்லை. சங்கு வளையல் செய்த கைக்கு ஈராயிரம் ஆண்டு கழித்துக் கிடைத்த மதிப்பு, இவருடைய கைக்கும் அத்தனை ஆண்டு கழித்துத்தான் கிடைக்க வேண்டுமா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகிலுள்ள முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர். புகை கண்டு உதவ ஓடிவந்தவர். என்னவென்று பார்க்க வந்த அக்கம்பக்கத்து ஊரார். முதலில் மூண்ட தீ அவர்களை அழைத்தது. பின்னர் நிகழ்ந்த பெருவெடிப்பு அவர்களைக் கொன்றது. அறைகளுக்கிடையே விடப்பட்ட தொலைவின் பொருளும் எதற்கு எவ்வளவு அப்பால் நிற்கவேண்டும் என்னும் அறிவும் உரிமத் தாளிலும் அதனோடு இணைத்த வரைபடத்திலும் இருந்தன. வேலியருகே வாழ்ந்தோரின் மொழியில் அவ்வறிவு இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டனர். விபத்து ஒவ்வொன்றின் பின்னும் அறையில் கூடுதல் ஆட்கள், மரத்தடியில் வேலை, உள்குத்தகை எனக் காரணங்கள் வரிசைப்படுகின்றன. அறையில் கூடுதல் ஆட்கள் என்பதும் மரத்தடி வேலை என்பதும் இடம் பற்றிய குற்றச்சாட்டுகள். வடிவமைக்கப்பட்ட இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் வேறொன்று. ஆவணி, புரட்டாசி மாதங்களின் நெருக்கடியில் அறைக்குள் கொள்ளாத வேலை வேம்பின் நிழலுக்கும் வீட்டு மாடிக்கும் கசிகிறது. கட்டடத்தை வரைவதோடு நில்லாமல், அது பயன்படும் முறையையும் மணிவாரியாக வரைந்துகாட்டும் பயிற்சி நகரவடிவமைப்புத் துறையிடம் மட்டுமே உள்ளது. அப்பயிற்சியை அங்காடித் தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் செலவிடும் துறை, மரத்தடிக்கும் செலவிடவேண்டும்.

மறுப்புரைகள் உள்ளன, அவை புறந்தள்ளத்தக்கன அல்ல. ஆலைக்குள் நுழைய ஒப்புதல் கிடைப்பது அரிது. வெளியார் கையில் அளவுநாடாவைக் கண்டால் சோதனை அலுவலரோ வழக்கறிஞரோ என்று உரிமையாளர் அஞ்சுவர். தொழிலாளியும் பேசத் தயங்குவார்; ஆலை மூடப்பட்டால் அவர் வீட்டில்தான் முதலில் அடுப்பு அணையும். சிறார் உழைப்பு முதல் பேரியம் வரை, வெளியிலிருந்து வந்த ஆய்வுகள் பலவும் தீர்ப்பெழுதும் நோக்குடன் வந்தவை என்னும் எண்ணம் அவ்வட்டாரத்தில் வேரூன்றியுள்ளது. மாணவரை அபாயகரமான இடத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை எந்தத் துறைத்தலைவரும் எளிதில் ஏற்கமாட்டார். இவை மெய்யான தடைகள். எனினும் விழா விடுமுறையில் ஆலைகள் ஓய்ந்திருக்கும் நாட்கள் உண்டு. மருந்தில்லாத வெற்றறையை அளப்பதில் அபாயம் குறைவு. மூடப்பட்ட பழைய ஆலைகளும் தீப்பெட்டிக் கிட்டங்கிகளும் நிற்கின்றன. ஆலைக்குள் அடியெடுத்து வைக்காமலே ஓய்வுபெற்ற தொழிலாளரின் திண்ணையில் அமர்ந்து அவர் நினைவிலிருந்து ஓர் ஆலையின் அமைப்பை வரைந்து வாங்கலாம். அப்படி வரைந்து வாங்குவதற்குக் கட்டடக்கலை மாணவரின் கையும் தமிழ் மாணவரின் செவியும் ஒருங்கே வேண்டும்.

அச்செவியின் தேவையைக் கட்டடக்கலைத் துறைகள் இன்னும் உணர்ந்தபாடில்லை. களத்தில் கொத்தனாரிடமும் வீட்டுக்காரரிடமும் தமிழில் கேட்டதை மாணவர் ஆங்கிலத்தில் எழுதி ஒப்படைக்கின்றனர். திண்ணை, முற்றம், வளவு போன்ற சில சொற்கள் சாய்வெழுத்தில் பிழைத்துக்கொள்கின்றன. பிற சொற்கள் களக்குறிப்பேட்டோடு முடிந்துபோகின்றன. தமிழ்த் துறையிலோ இதற்கு நேர்மாறு. வட்டார வழக்கு ஆய்வேட்டில் சொல் இருக்கும், பொருள் இருக்கும்; அச்சொல் குறிக்கும் இடத்தின் படம் இராது. கிட்டங்கி, சரக்கு வைக்கும் அறை என்று எழுதி முடிக்கும் ஆய்வேடு, அதன் உயரத்தையும் காற்றுவழியையும் சொல்லாது. ஒரே மாவட்டத்தில் ஒரே பருவத்தில் களப்பணி செய்யும் இவ்விரு துறையினரும் ஒரு விடுதியில் தங்கினாற்கூட ஒருவர் ஏட்டை மற்றவர் புரட்டுவதில்லை.

தொடங்குதற்குப் பெருந்திட்டமோ தனிநிதியோ தேவையில்லை. முனைவர் பட்டத்துக்கு முந்தைய களப்பணித் தாளொன்றில் இரு துறை மாணவரும் இணைந்து ஒரு பருவம் உழைக்க இசைவு தந்தாலே போதும். மருந்து கலப்பது முதல் பெட்டியிலிட்டு ஏற்றுவது வரை ஆலையின் அறை ஒவ்வொன்றுக்கும் தொழிலாளர் வழங்கும் பெயரும், விதிநூல் வழங்கும் பெயரும், அதன் அளவுப்படமும் ஒரே பக்கத்தில் அமைந்த ஒரு சொல்லேடு அதிலிருந்து பிறக்கும். 2021இல் மாநகராட்சியாகிவிட்ட சிவகாசிக்கு இனி நகர்த் திட்டங்கள் வரும். ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே விடவேண்டிய வெளி பற்றி விவாதிக்கும் அவைகளில் அவ்வேடு எடுத்து வைக்கப்படலாம். ஆலை அறையின் வாயிலில், உள்ளே இருக்கத்தக்க ஆட்களின் எண்ணிக்கையையும் மருந்தின் அளவையும் காட்டும் பலகை வைக்கவேண்டும் என்பது விதி. அப்பலகையில் எழுதுதற்குரிய தமிழ், அவ்வறைக்குள் அமர்ந்திருப்பவர் நாவில் வழங்கும் தமிழாக அமைவதற்கும் அச்சொல்லேடே முதற் பயன்படும்.